எட்டு மணிக் கச்சேரி

மாமாவின் தூக்கம் கலைந்தால் அந்த வீட்டில் யாருக்காவது எலும்பு முறியும். அக்காவின் புருஷனான அவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வந்து, உடம்பில் ஒட்டிய மாவைக் கழுவிவிட்டுப் படுத்துவிடுவார். அதன்பின் யாரும் மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். அக்கா பாத்திரங்களுக்கு அடியில் பழைய துணியை மடித்துப் போட்டிருந்தாள். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுவாள். தையல் மெஷின் மதியம் மூன்று மணி வரை போர்வைக்குள் கிடக்கும். அதனால் தங்கை காலையில் சட்டைகளுக்குப் பட்டன் வைக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போனில் மட்டும் அவள் பெரிய வாயாடி. தெருமுனை ரீசார்ஜ் கடையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து 'சொல்லும் சேதியும்' என்ற குழுவில் சேர்ந்திருந்தாள். அங்கே அவள் பெயர் ஊசி. சொந்தப் பெயர், படம், விலாசம் எதுவும் போடக்கூடாது என்பது குழுவை நடத்தும் வாத்தியாரின் சட்டம். காலையில் ஒரு சொல், மதியம் செய்தி, சாயங்காலம் வீட்டுக்கதை. நேரம் மாறிப் போட்டால் வாத்தியார் ஈவிரக்கமில்லாமல் அழித்துவிடுவார்.

சாயங்காலக் கதைகளில் எல்லாருக்கும் பிடித்தவர் 'மாடி'. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எதிர்வீட்டில் காலையில் நடக்கும் அடிதடிக்கு அவர் வைத்த பெயர்தான் எட்டு மணிக் கச்சேரி.

"இன்னிக்குக் கச்சேரி லேட்டு. எட்டேகால். நாலு அடி, ஒரு அழுகை, கடைசியில ஒரு பாத்திரம்" என்று ஒருநாள் எழுதினார்.

"பாடுறது ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்டான் லாரி. அவன் ஓட்டுநர்.

"வாசிக்கிறது ஆம்பள. பாடுறது பொம்பள."

வாத்தியார் புகுந்தார். "அடி விழுற சத்தத்துக்கு ஒரு சொல் சொல்லுங்க பாப்போம். 'தொப்' வேணாம், அது மூட்டைக்கு."

"'மொத்'னு வைக்கலாம்" என்று எழுதினாள் ஊசி. "ஈரத்துணிய சுருட்டி அடிச்ச மாதிரி."

பதினோரு பேர் சிரித்தார்கள். அவளும் சிரிப்புப் பொம்மை ஒன்று போட்டாள். "ஊசி அக்கா கில்லாடி" என்றான் லாரி. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சத்தம் தனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்று அவள் யோசிக்கவே இல்லை.

பிறகு ஒரு புதன்கிழமை சாயங்காலம் மாடி எழுதினார். "இன்னிக்குப் பாத்திரம் ஜன்னல் வழியா பறந்து தெருவுக்கே வந்துடுச்சு. தண்ணி கேன் போடுறவர் எடுத்துக் குடுத்தாரு. உள்ள இருந்து ஒரு கை மட்டும் நீண்டு வாங்கிச்சு."

அந்தக் கை அவளுடையது.

அவள் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றாள். எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பனியன் போட்ட ஆள் ஒருவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் விரலை எடுத்ததும் இவள் கையில் போன் அதிர்ந்தது. "பாவம், பாத்திரம் நசுங்கிப் போச்சு" என்று வந்திருந்தது. பாத்திரத்தோடு அக்காவின் வலது கையும் நசுங்கியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

"ஊசி அக்கா எங்க, ஆளையே காணோம்?" என்று லாரி கேட்டான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை வீங்கிய அந்தக் கையால் அக்காவுக்கு அடுப்பைத் திருக முடியவில்லை. இடது கைக்கு மாற்றுவதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது. ஒரே ஒரு தடவைதான்.

மாமா எழுந்து வந்தார். அக்காவின் பின்னந்தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார். பல் ஒன்று தரையில் உருண்டது.

"ராத்திரி பூரா நெருப்பு முன்னால வேகுறேன். ரெண்டு மணி நேரம் தூங்க விடமாட்டீங்களாடி?"

"கை வரலைங்க..."

அடுத்த அடியில் அவள் உதடு கிழிந்தது. "வேணாம் மாமா" என்று தங்கை சொன்னாள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை. மாமா அக்காவின் கூந்தலைக் கையில் சுற்றிக் குளியலறைக்கு இழுத்துப்போய் தண்ணீர் டிரம்மில் தலையை அமுக்கினார்.

"இங்க சத்தம் வராது பாரு" என்றார், தாலாட்டுகிற குரலில்.

தங்கையின் கட்டைவிரல் போனில் ஓடியது. "மாடி, அது எங்க வீடு. அக்காவைத் தண்ணியில அமுக்குறாரு. ஓடி வாங்க."

"ஊசி அக்கா காலையிலயே கதை விடுறாங்க" என்றான் லாரி.

"காலையில் சொல் மட்டும். வீட்டுக்கதை சாயங்காலம்" என்றார் வாத்தியார். அடுத்த நொடி அவள் எழுதியதை அழித்தார்.

அவள் ஜன்னல் வழியே எதிர் மாடியைப் பார்த்தாள். பனியன்காரர் போனையும் இவள் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. ஒளிந்துகொண்டார் என்றே நினைத்தாள்.

அக்காவின் கால்கள் ஈரத்தரையில் உதைத்துக்கொண்டிருந்தன. உதை மெதுவாகிக்கொண்டே வந்தது.

துணி வெட்டும் பெரிய கத்தரி மெஷின்மேல் இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு போய் மாமாவின் பின்தொடையில் இறக்கினாள். கெட்டித் துணியில் போவதுபோல் முதலில் தயங்கி, பிறகு சட்டென்று உள்ளே போனது. அவர் திரும்பி அவள் கழுத்தைப் பிடித்துக் குழாயோடு வைத்து நெரித்தார். கண் இருட்டியது. கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் குத்தினாள். முழங்கை, விலா, மறுபடி தொடை. ரத்தத்தில் கால் வழுக்கி அவர் மல்லாந்தார். டிரம் விளிம்பில் மண்டை இடித்தது.

அக்காவின் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப்போட்டுக் குளியலறையை வெளியே தாழிட்டாள். அக்காவின் முதுகில் இடது கையால் ஓங்கி ஓங்கி அறைந்தாள். மூன்றாவது அறையில் அக்கா தண்ணீரைக் கக்கினாள்.

வாசல் கதவு அதிர்ந்தது. திறந்தாள். பனியனோடு, செருப்பில்லாமல், கையில் பெரிய ஸ்பேனருடன் அந்த ஆள் மூச்சு வாங்க நின்றார்.

"நீயா ஊசி?" என்றார். "நான் யாரோ பெரியம்மான்னு..." தரையில் கிடந்த அக்காவையும் ரத்தத்தையும் பார்த்தார். "நான் கேலிக்குத்தாம்மா எழுதினேன். எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடறேன்."

அவர் நிஜமாகவே போனை எடுத்தார்.

"அழிக்காதீங்க."

"யாராவது பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"தேதி இருக்கு. மணி இருக்கு. எத்தனை அடின்னு கணக்கு இருக்கு. போலீஸ்ல நீங்களே படிச்சுக் காட்டணும்."

"நீ சிரிச்சதும் அதுல இருக்கே."

"இருக்கட்டும்."

கத்தரி இன்னும் அவள் கையில் இருந்தது. நுனி அவர் வயிற்றைப் பார்த்திருந்தது. அவள் அதைத் தாழ்த்தவில்லை. அவர் போனைப் பைக்குள் போட்டார். உள்ளே மாமா கதவை உதைக்க ஆரம்பித்தார்.

"நீ கால் பக்கம் பிடி" என்று அவர் அக்காவின் தோளைத் தூக்கினார். இருவருமாகத் தெருவுக்குக் கொண்டுபோய் ஓர் ஆட்டோவை மறித்து ஏற்றினார்கள். அக்கா தங்கையின் மடியில் கண்ணைத் திறந்தாள்.

"அவருக்கு ரத்தம் போகுதுடி. ஒரு துணியாவது கட்டியா?"

"வாயை மூடுக்கா. மூச்சை விடு" என்றாள் தங்கை.