ஓட்டு முடியும்வரை இனாம் டீ கிடையாது

ஓட்டுப்பதிவு தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன வாசு, பிரிக்பீல்ட்ஸில் கௌஸ் பாய் டீக்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட பெஞ்சு அவனைத் தாங்கிக்கொண்டது என்பதுதான் சரி. கணுக்காலுக்கு மேலே புண் ஆறிய இடம் ஈயம் பூசினாற்போல் மின்னியது. "சோறு இருக்கா பாய்?" என்றான். கௌஸின் கை தானாகவே மேல்தட்டுக்குப் போய் அரிசி டின்னைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகியும் அரிசி மட்டும் திரும்பி வந்தபாடில்லை. கடையில் விற்பது மரவள்ளிக்கிழங்கு. கௌஸ் தின்பதும் அதுதான். டின்னில் இருந்த அரிசி சயாமிலிருந்து வருபவர்களுக்கு. வந்த அன்று முதல் வேளைச் சோறு இனாம். கௌஸின் தம்பி அகமது ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அவனையும் அதே சயாமுக்கு லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான். முதலில் திரும்பி வந்த ஆளிடம் கௌஸ் வாசலிலேயே விசாரித்தான். "பார்த்தேன், நல்லா இருக்கான்" என்று அவன் சொன்னான். சாப்பிட்டு முடித்ததும், அகமது என்று யாரையும் தெரியாது என்று ஒப்புக்கொண்டான். அவன்மேல் கௌஸுக்குக் கோபம் வரவில்லை. பசித்தவன் எது கேட்டாலும் ஆமாம் என்பான். அன்றிலிருந்து, வருகிறவன் சாப்பிட்டுக் கை கழுவுகிறவரை தம்பியின் பேரை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டான்.

ஆனால் இப்போது கௌஸ் வெறும் கடைக்காரன் இல்லை. ரயில்வே குடியிருப்புச் சங்கத் தலைவர் தேர்தலில் தண்டவாள மேஸ்திரி தம்புசாமிக்கு ஏஜென்ட். சயாமில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு வந்திருந்தது. அகமதுவின் மனைவி அமீனா பீவியும் அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தாள். கடைசி ஆள் திரும்பும்வரை ஒரு வீட்டையும் விடமாட்டேன் என்றான் தம்புசாமி. எதிர்த்து நின்ற, ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி பழனியப்பன், துரைக்கு மனு எழுதலாம் என்றார். துரைக்கு எழுதும் மனு என்ன ஆகும் என்று குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும்.

தேர்தலை நடத்த நாகலிங்கத்தாரைக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தில் எப்படியோ அப்படித்தான் இங்கேயும் என்று சொல்லிவிட்டார். ஆளுக்கொரு ஏஜென்ட் வேண்டும். ஏஜென்ட் செய்தது வேட்பாளர் செய்ததுபோல. ஓட்டுக்காரனுக்கு ஒரு வாய் காபி வாங்கிக் கொடுத்து ஓட்டைத் திருப்பினாலும் ஜெயித்த தேர்தல் செல்லாது. இத்தனையும் கேட்ட பிறகு தம்புசாமி ஏஜென்டாக வைத்தது டீக்கடைக்காரனை. பேச்சுத் திறமை இருக்கிறது, எல்லோரையும் தெரியும் என்று பார்த்தானே தவிர, கடையைப் பார்க்கவில்லை. கௌஸ் கடையில் பாதி டீ இனாமாகத்தான் போகும். வேறு வழியில்லாமல் 'ஓட்டு முடியும்வரை இனாம் டீ கிடையாது' என்று கரியால் பலகையில் எழுதித் தொங்கவிட்டான். "தம்புசாமி ஜெயிச்சா தண்ணியாச்சும் கெடைக்குமா பாய்?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான்.

சயாமுக்குப் போனவர்களின் பேரும் பட்டியலில் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவனும் தம்புசாமிதான். ஆகவே வாசுவுக்கு ஓட்டு இருந்தது.

எதிரே பள்ளிக்கூட வாசலில் ஓட்டுப் போட நின்ற வரிசை இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தம்புசாமி சாலையைக் கடந்து ஓடிவந்தான். பின்னாலேயே குடையும் கையுமாக நாகலிங்கத்தார்.

"இது ஓட்டுக்கு இல்ல சார்" என்றான் கௌஸ். "சயாம் சோறு. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கும் தெரியும். உள்ளுக்கு என்ன எண்ணம் எண்டதைத்தான் சட்டம் பாக்கும். இந்த மனிசனைக் கண்ட உடன உமக்கு ஓட்டு ஞாபகம் வந்ததோ இல்லையோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பல நாட்களாக எந்த முகத்தைப் பார்த்தாலும் நம்ம பக்கமா, அந்தப் பக்கமா என்றுதான் கௌஸின் மனது கேட்டுக்கொண்டிருந்தது. வாசு படியேறியபோது அவன் கால் புண்ணுக்கு முன்னால் ஓட்டுத்தான் கண்ணில் பட்டது.

"வந்துச்சு சார்."

தம்புசாமி தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரு பொய் சொன்னா வாய் வெந்துருமா பாய்? சரி, காச வாங்கிட்டுப் போடுங்க. அது யாவாரம்."

வாசு இடுப்பிலிருந்து ஒரு கட்டு எடுத்து மேசைமேல் வைத்தான். எல்லாம் வாழைமரம் போட்ட, செல்லாமல் போன ஜப்பான் நோட்டு. வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"அப்ப ஓட்டே போடல" என்றான் வாசு. "சோத்தப் போடுங்க."

நாகலிங்கத்தார் தலையாட்டினார். "சாப்பாடு குடுத்து ஓட்டுப் போடாமல் மறிச்சாலும் அதே குற்றம்தான் தம்பி."

"ஜப்பான்காரன் சட்டம் இதவிட லேசு சார். யாருக்குமே சோறு கெடையாது."

பெண்கள் வரிசையிலிருந்து அமீனா பீவி விலகி வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைக்குள் வராமல் படியோரமாகவே நின்றாள்.

"மச்சான், டின்ன எறக்குங்க."

"எறக்குனா எலெக்‌ஷன் போயிரும்மா. ஒன் வீடு..."

"வீட்ட அப்புறம் பாத்துக்கலாம்."

கௌஸ் தம்புசாமியைப் பார்த்தான். தம்புசாமி குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டான். டின் இறங்கியது. உள்ளங்கையில் அரிசி விழுந்தபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் கை தன்னுடையது என்று கௌஸுக்குத் தோன்றியது.

உலை கொதித்துக்கொண்டிருந்தபோது பழனியப்பன் வந்தார். கையில் பாசாரில் வாங்கிய கருவாட்டுப் பொட்டலம். அதைக் கௌஸ் முன்னால் வைத்தார்.

"இதையும் சுட்டு வையிங்க பாய்."

"கிராணி, நீங்களுமா?" என்றான் தம்புசாமி.

"பின்ன? சயாம்காரன் சோத்தத் தடுத்து ஜெயிச்சவன்னு சாவுற வரைக்கும் சொல்லுவீங்க. எனக்கு அது வேணாம்லா. இப்ப நானும் குத்தவாளி." நாகலிங்கத்தாரைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் குத்தவாளின்னா, எலெக்‌ஷன் செல்லாதுன்னு யாரு சார் பெட்டிஷன் போடுறது?"

நாகலிங்கத்தார் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "போடவேண்டியது தோத்தவர்" என்றார். "தோக்கப்போறது ஆரெண்டு இப்ப எனக்குத் தெரியாது." குடையை விரித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். பாதி தூரம் போய் நின்று, கருவாட்டு வாசனை வந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார்.

தட்டில் சோறு விழுந்தது. வாசு அவசரப்படவில்லை. முதல் கவளத்தை உருட்டிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு சாப்பிட ஆரம்பித்தான். அந்தப் பக்கத்து ஏஜென்டைப் பற்றித் தம்புசாமி ஏதோ சொன்னான். பழனியப்பன் சிரித்தார். பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அமீனா வரிசைக்குத் திரும்பிப் போகவில்லை. அவள் இடத்தை யாரோ ஒருத்தி பிடித்துவைத்திருந்தாள்.

பாதித் தட்டு முடிந்திருக்கும். வாசு நிமிர்ந்து படியைப் பார்த்தான். வாயில் கருவாடு இருந்தது. "அக்கா, நம்ம அகமது அண்ணன்..." என்று ஆரம்பித்தான். சாவுச் செய்தி சொல்கிறவன்போல் அவன் குரல் தாழவில்லை.

கௌஸ் கரண்டியைக் குறுக்கே நீட்டினான்.

"மொதல்ல சாப்பிடு."

வாசு தலையைக் குனிந்துகொண்டான். கௌஸ் பானையைச் சாய்த்து அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தான். அமீனா படியேறி வந்து, தண்ணீர்க் குவளையை அவன் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்தாள்.