லூர்துக்கு எழுதிய பேர்

பவுலின் விதிமுறைக்குப் பயந்தவள். தெருக்குழாயில் தன் முறை வருவதற்கு முன்னால் குடத்தை ஓர் அங்குலம் நகர்த்த மாட்டாள். பஸ்ஸில் நடத்துனர் மறந்து தாண்டிப் போனாலும் கூப்பிட்டு டிக்கெட் கேட்டு வாங்குவாள். அப்படிப்பட்டவள் தன் கையாலேயே வீட்டுக் கிளியை எழுதிக் கொடுத்தாள் என்றால் யாரை நொந்துகொள்வது?

கிளியின் பேர் லூர்து. உடம்பெல்லாம் நீலம், கோயில் வாசல் குகைக் கெபியில் நிற்கிற லூர்து மாதாவின் இடுப்புக் கச்சை நிறம். ஆறு வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் வாங்கியது. "ஃபாரின் கிளிங்க இது, ப்ளூ ரிங்நெக். தாராளமா வெச்சிக்கலாம்" என்ற கடைக்காரர் ரசீதிலும் அதையே எழுதிக் கொடுத்தார். எதிர்வீட்டு அம்சவள்ளி, உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவள், வளர்ப்பதோ சாதாரணப் பச்சைக்கிளி. அதை வளர்க்கக் கூடாது என்று ஊருக்கே தெரியும். தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தால் போதும், வருகிறவர் தபால்காரராகவே இருந்தாலும், கூண்டின் மேல் பழைய புடவையைப் போர்த்திவிடுவாள். பவுலினுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். "எங்க லூர்துக்கு ரசீது இருக்குதுக்கா" என்பாள்.

பவுலினின் கணவர் சகாயநாதன் கடற்கரையில் மீன் ஏலம் விட்டவர். அவர் குரலெடுத்தால் உப்பளத்தில் குனிந்திருப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தால் கிளிக்கும் ஏலம்தான். கொய்யாத் துண்டைத் தூக்கிப் பிடித்து, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுப்பார். லூர்து அந்த இரண்டையும் அப்படியே பிடித்துக்கொண்டது. மூன்றாவது மட்டும் அதற்கு வரவே இல்லை. மூணு தரம் என்றதும் கொய்யா வாய்க்குள் போய்விடும், அப்புறம் எங்கே பேச?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டு, மூச்சுக்குக் கழுத்தில் ஓட்டை போட்டார்கள். உயிர் தப்பியது, பேச்சு போயிற்று. ஆனால் காலையில் கூண்டுத் துணியை விலக்கியதும் லூர்து அவருடைய அதே கரகரப்போடு, அதே இழுப்போடு, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று சொல்லிவிட்டுப் பவுலினைப் பார்க்கும். "மூணு தரம்!" என்று சொல்லி அவள் கொய்யாவைக் கொடுப்பாள். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மனுஷன் முகத்தில் சிரிப்பு வரும். அந்த வீட்டில் அவர் குரல் மிச்சமிருந்தது அங்கே மட்டும்தான்.

ஒரு ஞாயிறு பூசை முடிவில், வெளிநாட்டுப் பறவை வளர்ப்பவர்கள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டுமாம் என்று அறிவித்தார்கள். பவுலினுக்கு அன்றைக்கே கால் தரையில் பாவவில்லை. சகாயநாதன் தன் சிலேட்டில் "வேணாம்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக் காட்டினார்.

"சட்டப்படி இருந்துட்டா யாருக்குங்க பயப்படணும்?" என்றாள் அவள்.

மரக்காணத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த வினோதினி ரசீதைப் பார்த்து ஒவ்வொன்றாக நிரப்பினாள். அறிவியல் பெயர் என்ற கட்டத்தில் நின்றாள். ரசீதில் இருந்த பேரைப் போனில் தட்டித் தேடி, கிடைத்ததை அடித்தாள். "சிட்டாகுலா க்ராமெரி, ஆன்ட்டி." ரோமாபுரிப் புனிதர் யாரோ மாதிரி இருந்தது பவுலினுக்கு. மறந்துவிடக் கூடாதென்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள், அசடு.

பன்னிரண்டாம் நாள் வனத்துறை ஜீப் வந்து நின்றது. வனவர் திருமுருகன் அதிர்ந்து பேசாத மனிதர்.

"நீங்க எழுதிக் குடுத்த பேரு நம்ம பச்சைக்கிளியோட பேரும்மா. வளர்க்கக் கூடாத லிஸ்ட்ல இருக்குது."

"இது நீலமாச்சே சார்! ஃபாரின்னு எழுதியே குடுத்தாங்க."

"கடையில ஆயிரம் பேரு வெப்பாங்க. ஒரே வயித்துல செவப்பும் பொறக்குது, கறுப்பும் பொறக்குது. இனம் ஒண்ணுதானே?"

"அப்ப அந்தப் பேர அழிச்சிடுங்க சார். தெரியாம எழுதிட்டோம்."

"அது என் கையில இல்லம்மா, மேல போயிடுச்சு. நானா தேடியா வந்தேன்? நீங்களே ஒப்படைச்சதா எழுதிக்கிறேன், கேஸ் வராது. என்னால முடிஞ்சது அவ்ளோதான்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது யார் என்று பவுலினுக்குத் தெரியும். கணவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"சார், எங்க வூட்டுக்காரரு குரலு இதுகிட்டதான் சார் இருக்குது. கேட்டுப் பாருங்க. லூர்து, சொல்லும்மா, ஒரு தரம்..."

புது ஆட்களைக் கண்ட கிளி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. திருமுருகனும் பாவம், கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. சகாயநாதன் சிலேட்டில் "அது நான்" என்று எழுதி நீட்டினார். வனவர் படித்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கூண்டுலயே பொறந்தது சார். வெளிய வுட்டா காக்கா கொத்திடும்."

"உடனே வுட மாட்டாங்கம்மா" என்றார். அப்புறம் என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லவில்லை.

அவர் நீட்டிய தாளில் அந்த ரோமாபுரிப் பேர் இருந்தது. "ஓரத்துல லூர்துன்னு எழுதிக்கிங்க சார், கூப்பிட்டா திரும்பும்" என்றாள். அதற்கு இடமில்லை என்றார். பவுலின் கையெழுத்துப் போட்டாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் புடவைக்குள்ளிருந்து பச்சைக்கிளி கீச்சென்று கத்தியது. வனவர் காதில் விழாமல் இருக்காது. ஆனால் அவர் தாளில் ஒரு கிளிதான் இருந்தது.

கூண்டைத் துணியால் மூடி ஜீப்பின் பின்னால் வைத்தார்கள். வண்டி கிளம்பும்போது கடல் காற்று துணியைத் தூக்கிவிட்டது. வெளிச்சம் பட்டதும் விடிந்துவிட்டது என்று லூர்து நினைத்துக்கொண்டது போலிருக்கிறது.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

முன்சீட்டில் இருந்த திருமுருகன் திடுக்கிட்டுத் திரும்பினார். சகாயநாதன் பவுலினின் கையை இறுகப் பிடித்தார். அவர் வாய் திறந்து திறந்து மூடியது. கழுத்து ஓட்டையில் காற்றுதான் வந்தது. கிளி பவுலினையே பார்த்தது. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மூன்றாவதைச் சொன்னால் ஏலம் முடிந்துவிடும். பொருள் கை மாறிவிடும். சொல்ல மாட்டேன், சொல்லவே மாட்டேன் என்று நின்றாள்.

சொல்லாமலே வண்டி போய்விட்டது. உப்பளத்துத் திருப்பம் வரைக்கும் சகாயநாதன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "ரெண்டு தரம்... ரெண்டு தரம்..."