விட்டுப்போன கையெழுத்து

சிவமுருகனுக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரும்பாறையில் வெள்ளனே ஜீப்பைக் கிளப்பிய மனுஷன், பண்ணைக்காடு வருவதற்குள் எத்தனை தடவைதான் வண்டியை நிறுத்தி, பத்திரப் பை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்! பக்கத்தில் தங்கச்சி வள்ளி உட்கார்ந்திருந்தாள். ஆயக்குடியில் கொய்யா பறிப்பு மும்முரமாக நடக்கும்போது அவளை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

விஷயம் இதுதான். தாத்தா வாங்கிப்போட்ட காப்பித் தோட்டத்தை விலைக்குக் கேட்டு ஆள் வந்தாயிற்று. வந்தவர் சும்மா இருந்தாரா? பழைய பத்திரங்களைக் குடைந்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். தோட்டத்தின் முதல் சொந்தக்காரர் ஹெசல்டன் துரை. இரண்டு மகன்களுக்கும் மகள் எடித்துக்கும் சமபங்கு என்று உயில் எழுதிவைத்துவிட்டுப் போனவர். தாத்தாவுக்கு விற்றபோதோ மகன்கள் மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சகோதரி வாரிசில்லாமல் இறந்துவிட்டாள் என்று கிரயப் பத்திரத்தில் ஒரே ஒரு வரி.

"இத்தனை வருஷம் ஆண்டு அனுபவிச்ச எடம், கேஸ் நிக்காதுங்க," என்றார் கொடைக்கானல் வக்கீல் ஜெயப்பிரியா. "ஆனா பார்ட்டி கேக்குறாரே. அந்தப் பொண்ணு நெசமாவே வாரிசில்லாமப் போச்சான்னு பாத்துருவோம்."

பார்த்தார்கள். மாசக்கணக்கில் மதுரைக்கும் மலைக்குமாக அலைந்தார் சிவமுருகன். கல்லறைத் தோட்டத்தில் துரை இருந்தார், துரைசாணி இருந்தார், எடித் இல்லை. கடைசியில் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவில் மாட்டினாள். பத்திரம் எழுதியபோது எடித் செத்தே போகவில்லை. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சூசைமுத்துவைக் கட்டிக்கொண்டு மகனும் பெற்றிருக்கிறாள். அந்த ஆத்திரத்தில்தான் கூடப்பிறந்தவர்கள் அவளைப் பத்திரத்தில் கொன்றுவிட்டார்கள். மகனுக்கு ஒரே மகள், தேவகுமாரி. நாயுடுபுரத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறார். தோட்டத்தில் தனக்குப் பங்கு இல்லை என்று அவரிடம் கையெழுத்து வாங்கத்தான் இன்றைக்கு இந்த ஓட்டம்.

"கூடப் பொறந்தவளச் செத்துட்டான்னு எழுத எப்படித்தான் கை வந்துச்சோ! பாவிப்பயலுக. அவங்களால நான் நாயா அலையுறேன்." ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டார் சிவமுருகன்.

வள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அங்க வந்து நீ ரொம்பப் பேச வேணாம். நானும் எங்கண்ணனுக்கு எழுதிக் குடுத்தவதான், அதுல ஒரு கொறையும் இல்லன்னு மட்டும் சொல்லு. பொம்பள சொன்னா பொம்பள கேப்பா."

அப்பா இறந்த வருஷம், ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்து, தோட்டத்தில் பங்கு வேண்டாம் என்று வள்ளியிடம் விடுதலைப் பத்திரம் வாங்கியவர் அவர். ஊர் வழக்கம்தானே, யார் தப்புச் சொன்னார்கள்? இன்றைக்கும் தேவகுமாரிக்கென்று பையில் ஒரு சேலை வாங்கி வைத்திருந்தார்.

நாயுடுபுரம் வீட்டில் தேவகுமாரி தையல் மெஷின் மேலேயே பத்திரத்தை விரித்துவைத்துப் படித்தார். சிவமுருகன் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போய்விட்டு வந்தார். வாங்குகிறவர் வேறு போனில் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவப் பெத்த அப்பாயிக்குத் தோட்டம் இருந்துச்சுன்னே இன்னிக்குத்தான் தெரியுது," என்ற தேவகுமாரி பேனாவை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வள்ளியைப் பார்த்தார். "உங்கண்ணன் சொன்னாரு, நீங்களும் இப்படிக் கையெழுத்துப் போட்டுருக்கீங்களாம்ல? மனசோடதான் போட்டீங்களா?"

"சொல்லு வள்ளி," என்றார் சிவமுருகன்.

வள்ளி, தேவகுமாரி கொடுத்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கையா கெடந்தப்ப, தோட்டத்துல ஒரு மூலையக் குடுண்ணே, குடிசை போட்டுப் பொழச்சுக்கிறேன்னு போய் நின்னேன். எழுதிக் குடுத்தவளுக்கு இங்க என்ன இருக்குன்னு அண்ணன் கேட்டுச்சு. பெத்தவங்க எடத்துல நிக்க வழியில்லாம, அழுதுக்கிட்டே பஸ் ஏறுனேன்." அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "தொரை மகனுக அவுங்க தங்கச்சி செத்துட்டான்னு எழுதுனாங்க. எங்கண்ணன் என்னைய உயிரோட வச்சுக்கிட்டே எழுதி வாங்கிருச்சு. போடாதீங்கம்மா."

"ஏ புள்ள, என்ன பேசுற நீ?" சிவமுருகன் பதறினார். தேவகுமாரி பேனாவை மூடிவைத்துவிட்டுப் பத்திரத்தை மடித்து அவரிடமே நீட்டினார்.

வள்ளி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அண்ணே, அந்த வக்கீலம்மா ஆபீசு இங்கனக்குள்ளதான? வெரசா வண்டிய எடு. எனக்கும் அங்க ஒரு சோலி கெடக்கு."