பொய்ச்செவுள்

மீன் காட்சியகத்தின் இயக்குநர் நாற்காலியில் தங்கை புருஷன் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து, அங்கே வேலை பார்க்கும் டாக்டரம்மாவுக்கு அந்த நாற்காலிமேல் இருந்த மரியாதையே போய்விட்டது. கடை போட்டு வண்ணமீன் விற்றுக்கொண்டிருந்த ஆள். யார் யார் காலையோ பிடித்து மேலே வந்தாயிற்று. வந்த இடத்திலும் மாப்பிள்ளை முறுக்குக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அன்று காலை கரையொதுங்கிக் கிடந்த ஒரு பிராணியை மீனவர்கள் கொண்டுவந்து பின்பக்கக் குளத்தில் விட்டிருந்தார்கள். ஒன்றரை ஆள் நீளம். மழுங்கிய தலை, உள்ளே ஒடுங்கிய கீழ்த்தாடை, கண்ணுக்குப் பின்னால் செவுள் மாதிரியே வளைந்த ஒரு வெளிர்க் கோடு. டாக்டரம்மா பார்த்ததுமே புரிந்துகொண்டாள், குட்டை ஸ்பெர்ம் திமிங்கிலம். இதை உயிரோடு பார்த்தவர்களே அபூர்வம். தலையைத் தானாகத் தூக்கவும் அதற்குத் தெம்பில்லை. அவள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, உச்சியில் இருக்கும் மூச்சுத்துளை மேலே நிற்கும்படி அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். படகு வந்து ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும்வரை அப்படியே பிடித்திருந்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

அதற்குள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு குளக்கரையில் நின்று ஆரம்பித்தான்.

"இது ரொம்ப அபூர்வமான சுறா. பாருங்க, செவுள் எவ்வளவு தெளிவாத் தெரியுது!"

டாக்டரம்மாவுக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. உளறட்டும், ஊரே கேட்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றாள். விளக்கு வெளிச்சத்தில் மிரண்ட பிராணி பின்பக்கமாகச் செம்பழுப்பாக எதையோ பீய்ச்சியது. குளமே கலங்கிச் சிவந்தது.

"ஐயோ, ரத்தம்!" என்று மாப்பிள்ளை அலறினான். "உள்ள ஏதோ கிழிஞ்சிருக்கு. இது தேறாது."

இதற்குமேல் காத்திருப்பது பாவம் என்று அவளுக்குத் தோன்றியது. பிராணியை நினைத்து அல்ல. இவ்வளவு கொழுத்த சந்தர்ப்பம் இன்னொரு தடவை வாய்க்காது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் இறங்கி வந்து தலையைப் பிடிச்சுக்கோங்க. நான் இவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"நானா? இந்தக் கோட்டோடயா அக்கா?"

"கேமரா பாத்துட்டிருக்கு."

இறங்கினான். டை தண்ணீரில் மிதந்தது. அவன் கைகளை இழுத்துப் பிராணியின் தலைக்கடியில் வைத்துவிட்டு அவள் கரையேறினாள். எதற்குப் பிடிக்கிறோம் என்று மட்டும் சொல்லவில்லை. அதை நாலு பேர் முன்னால் சொன்னால்தான் அவனுக்கு உறைக்கும்.

பிறகு வெளுத்து வாங்கினாள். ஆழத்தில் தனியாகத் திரியும் சுபாவம், கடல்மேல் மரக்கட்டை மாதிரி அசையாமல் மிதக்கும் பழக்கம், கணவாய் பிடிக்கக் கீழ்த்தாடையில் இருக்கும் ஊசிப்பற்கள் என்று ஒன்றையும் விடவில்லை. ரத்தம் என்று சிலர் அலறினார்களே, அது குடலோடு ஒட்டிய ஒரு பையில் இருக்கும் திரவம். பயந்தால் பீய்ச்சித் தண்ணீரைக் கலக்கிவிட்டு அந்த மறைவில் தப்பிக்கும், கணவாய் மை விடுகிற மாதிரி. ஒரு நிருபர் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"அப்போ சார் சொன்ன செவுள், மேடம்?"

"வண்ணமீன் வித்தவருக்குத் திமிங்கிலத்தைப் பத்தி என்ன தெரியும்? அது வெறும் கோடு. பொய்ச்செவுள். எதிரிக்குச் சுறான்னு தோணணும்னு போட்ட வேஷம். இது நம்ம மாதிரி காத்துலதான் மூச்சு விடும்."

அவன் முகம் சுருங்குவதைக் கண்ணாரப் பார்க்கத் திரும்பினாள். மாப்பிள்ளை பம்ப்பின் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஒரு வார்த்தையும் அவன் காதில் விழுந்திருக்கவில்லை. அவன் குனிந்து நின்றதில் செந்தண்ணீர் கழுத்துவரை வந்திருந்தது. பிராணியின் தலை வெளியே தெரியவில்லை.

அவள் செருப்போடு குதித்தாள். தலையை வாரியெடுத்து மேலே தூக்கினாள். மூச்சுத்துளை திறக்கவில்லை. தட்டினாள், உலுக்கினாள், மாப்பிள்ளை என்று கத்தினாள்.

அவனுக்கு ஒரே பெருமை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்திருந்தான்.

"முதல்ல ரொம்பத் துள்ளுச்சு அக்கா. செவுள் வெளியில இருந்ததால மூச்சு முட்டுதுன்னு புரிஞ்சுது. நல்லா முக்கிப் பிடிச்சேன். இப்பப் பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு."