பக்கத்து வண்டியின் காற்று

மயில்சாமியின் பிக்கப் எட்டு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. தேயிலை விலை படுத்துவிட்டது. ஃபேக்டரி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் இலை எடுக்கிறது. கீழ் கோத்தகிரியில் இலை ஏற்றிப் பிழைத்த ஆறு வண்டிகளில் இப்போது ஓடுவது ஒன்றே ஒன்று, பக்கத்து வீட்டு வேலாமணியுடையது. புருஷன் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனதும் ஸ்டியரிங்கைப் பிடித்தவள். விட்டால் மலையையே ரிவர்ஸ் எடுப்பாள்.

மகள் ஷண்முகப்ரியாவின் கல்லூரிக் கட்டணத்துக்காக மயில்சாமி வண்டியையே விற்க முடிவுகட்டியபோது தடுத்தவள் வேலாமணிதான்.

"வண்டிய எதுக்குங்கண்ணா விக்கறீங்க? சக்கரத்த மட்டும் எனக்கு வெலைக்குக் குடுங்க. என்ர மொட்ட டயர உங்களுக்கு மாட்டிக்கலாம். நாளைக்கே வெல ஏறுனா வண்டி இருக்குமில்லீங்க?"

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். நான்கு சக்கரங்களும் இடம் மாறின. கட்டணமும் கட்டியாயிற்று, வண்டியும் தங்கிற்று. அந்த நன்றி மயில்சாமியின் நெஞ்சிலேயே இருந்தது.

மாட்டிக்கொடுத்த மெக்கானிக் நவநீதன் அன்றைக்கே எச்சரித்தான். "சக்கரத்துக்குள்ள காத்து பாக்கற சென்சார் இருக்குதுங்கக்கா. அத உங்க வண்டிக்குப் பதிஞ்சு வுடோணும். மெஷின் குன்னூர்ல இருக்குது, வண்டியக் கொண்டாங்க."

வேலாமணி நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுத்தாள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்து கடுப்பேற்றவே, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டாள். தீர்ந்தது பிரச்சினை!

மயில்சாமியும் அவளை வற்புறுத்தவில்லை. அதற்கு வெளியே சொல்ல வெட்கப்படும் ஒரு காரணம் இருந்தது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று தினமும் காலை ஏழு மணிக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். அதே நேரத்தில் வேலாமணி கிளம்புவாள். அவள் கடந்து போகையில், இவருடைய டேஷ்போர்டில் வெறும் கோடுகள் இருந்த இடத்தில் நான்கு சக்கரங்களின் காற்றழுத்தமும் எண்களாகத் தோன்றும். சென்சார்கள் இன்னும் பழைய வண்டியை மறக்கவில்லை. முன்னால் முப்பத்தாறு, முப்பத்தாறு. பின்னால் ஐம்பது, ஐம்பது. அவள் வளைவு திரும்பியதும் மறைந்துவிடும். சக்கரங்களாவது வேலைக்குப் போகின்றனவே என்று அவருக்கு வயிறு குளிரும்.

ஒரு திங்கட்கிழமை அவள் இலை ஏற்றவில்லை. எஸ்டேட்டில் வேலை போன கருப்பம்மாவின் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பினாள். முன்சீட்டில் கருப்பம்மா, மடியில் கைக்குழந்தை. வேலாமணி கையசைத்துவிட்டுக் கடந்தாள். மயில்சாமி எண்களைப் பார்த்தார். பின்னால் இடது பக்கம் முப்பத்தொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பது.

ஹாரனை அழுத்தினார். வழியனுப்புகிறார் என்று நினைத்து அவளும் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டாள். போன் போட்டார், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். நல்ல பழக்கம்தான், போயும் போயும் இன்றைக்கா! கோத்தகிரியைத் தாண்டினால் மேட்டுப்பாளையம் வரை இறக்கம். பாரத்தோடு வளைவில் பின் டயர் வெடித்தால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

மொட்டை டயர், சொட்டு டீசல். கியரைப் போட்டார்.

கோத்தகிரி வரை அவள் கண்ணில் படவில்லை. இறக்கம் தொடங்கும் இடத்தில்தான் கட்டிலும் பீரோவும் கட்டிய அவள் வண்டியின் முதுகு தெரிந்தது. நெருங்கியதும் எண்கள் தோன்றின. பின்னால் இடது பத்தொன்பது. விடாமல் ஹாரன் அடித்தார். யாரோ அவசரக்காரன் என்று அவள் ஜன்னலில் கையை நீட்டி வழிவிட்டாள். முந்திப்போய்த் தள்ளி நிறுத்தி, இறங்கி இரண்டு கையையும் ஆட்டினார்.

"ஏனுங்கண்ணா, கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா?"

"பின்னால எடப்பக்கம் பாரு அம்மிணி."

டயர் தரையோடு பிதுங்கிக்கிடந்தது. தொட்டவள் சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டாள். உள்பக்கம் ஒரு ஆணி. சாலையோரம் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"உங்களுக்கு எப்படீங்கண்ணா தெரிஞ்சுது?"

மயில்சாமி ஒளிக்காமல் சொன்னார். தினமும் காலையில் பார்ப்பதையும், அந்த ஆசையில் குன்னூருக்குப் போகச் சொல்லாமலே விட்டதையும். "தப்பு என்ர மேலதான் அம்மிணி. உன்ர வண்டியிலயே தெரிஞ்சிருந்தா நீயே நிறுத்தியிருப்ப."

"வெளக்குக்குப் பொட்டு வெச்சவ நானுங்க" என்று அழுகையோடு சிரித்தாள். "உங்க ஆசதான் இன்னைக்கு எங்க மூணு பேரையும் காப்பாத்துச்சு."

கதையைக் கேட்ட நவநீதன், அடுத்த ஞாயிறு மெஷினைத் தானே எடுத்துக்கொண்டு வந்தான். அந்தச் சக்கரத்துக்கு வேறு டயர் போட்டாயிற்று. கைக்கடக்கமான மெஷினை ஒவ்வொரு சக்கரத்தின் வால்வுக்கருகிலும் வைத்தான். ஒவ்வொன்று பதியும்போதும் ஹாரன் ஒருமுறை ஒலித்தது. நான்காவது ஒலித்ததும் வேலாமணி பொட்டை உரித்தாள். விளக்கு அணைந்திருந்தது.

மயில்சாமி தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். இனி வெறும் கோடுதான்.

"உங்க வண்டியிலயும் இந்த சென்சாரெல்லாம் பதிஞ்சேதான் இருக்குதுங்க" என்றான் நவநீதன். "பக்கத்துல வந்தா ரெண்டுலயும் காட்டும். உங்களுதுல அழிச்சரட்டுங்களா?"

மயில்சாமி வாய் திறப்பதற்குள் வேலாமணி முந்திக்கொண்டாள். "அதத் தொடாதீங்க. அது அண்ணனுக்கு."

மறுநாள் காலை ஏழு மணி. வேலாமணி அவர் வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தினாள். அவளுடைய டேஷ்போர்டிலேயே நான்கு எண்களும் பளிச்சென்று தெரிந்தன. அதைப் பார்க்காமல் ஜன்னலைத் திறந்தாள்.

"எவ்வளவுங்கண்ணா இருக்குது?"

மயில்சாமி தன் டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாகப் படித்தார்.

"முப்பத்தாறு, முப்பத்தாறு. அம்பது, அம்பது. போயிட்டு வா அம்மிணி."