கம்பங்கொல்லையில் கட்டிய பாட்டு

இப்போதெல்லாம் எவனும் எதையும் கையில் வைத்துக்கொள்வதில்லை, எங்கேயோ எவனிடமோ கொடுத்துவிட்டு 'இருக்குது, இருக்குது' என்கிறான் என்று முனகிக்கொண்டே இருசப்பன் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். மாரியம்மாளின் புடவைகள் விழுந்தன. கேசட் டப்பா விழுந்தது. உள்ளே கேசட் இல்லை.

வாசலில் அவளுக்குப் பாடை தயாராகிவிட்டது. மரக்காணத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் உப்பளத்து வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒப்பாரி வைத்தவள் அவர் பெண்டாட்டி. சுனாமிச் சாவுகளுக்குப் பாடித் தொண்டை கட்டிப்போன மாதம்தான், தனக்குப் பாடப் பெண்பிள்ளை இல்லையென்று தானே பாடிக் கேசட்டில் பதிந்து வைத்தாள். தூக்கும்போது இதைப் போடு, மறந்தால் பாடையிலிருந்து எழுந்து வந்துவிடுவேன் என்று சிரித்தாள். அவர் தலையாட்டியிருந்தார்.

"கேசட் எங்கடா?"

மகன் தேவநாதன் நிமிரவில்லை. "பூசணம் பூத்துடுச்சுப்பா. பாட்ட பாண்டியில கூட்டாளி கடை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். போன் பண்ணா அங்கேருந்தே போடுவான்."

போட்டான். மைக் செட் கன்னியப்பன் செல்போனோடு மைக்கைச் சேர்த்துப் பிடித்தார். ஒலிபெருக்கிக் குழாயில் இரைச்சல், பிறகு மாரியம்மாள். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

'உப்பு வாரி ஓஞ்ச கையி, யாருகிட்ட...'

அறுந்தது. தேவநாதன் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தான். டவர் இல்லை. பொழுது சாய்கிறது என்று யாரோ சொன்னார்கள். தூக்கினார்கள்.

உப்பளத்தை ஒட்டிய பாதையில் அவர்களுடைய கம்பங்கொல்லை வந்தது. குருவி இறங்காமல் இருக்கக் குச்சிக்குக் குச்சி கேசட் நாடாவை இழுத்துக் கட்டியிருந்தது. கடல் காற்றில் விர்ரென்றது. இருசப்பன் நின்றார்.

"யாருடா கட்டுனது?"

"நான்தாம்பா. காப்பி பண்ணியாச்சேன்னு..." கொள்ளிச்சட்டியோடு நின்ற தேவநாதனின் குரல் இறங்கியது. "பாட்டு எங்கியும் போவலப்பா. பத்திரமா இருக்குது."

"எங்க?"

"கம்ப்யூட்டர்ல."

இருசப்பன் நாடாவைத் தொட்டார். உப்பு படிந்து சொரசொரவென்று இருந்தது. இரண்டு விரலால் பிடித்தார், சத்தம் நின்றது. விட்டார். மறுபடி விர்ரென்றது.

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாடைக்குப் பின்னால் நடந்தார். மடியில் செருகியிருந்த காலி கேசட் டப்பா இடித்துக்கொண்டே வந்தது.