மெஷின் போடாத கோடு

1

இந்தக் கதை என் எரிச்சலில் பிறந்தது. நான் எழுதிய வேறொரு கதையை அச்செடுக்கப் போயிருந்தேன். கடையை நடத்தும் அக்கா, "மெஷின்ல லைன் விழுது, கொஞ்சம் பொறுங்க" என்றார். கொஞ்சம் என்பது அரைநாள் ஆனது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது கிடைத்தது இது. பாதி பார்த்தது, பாதி புளுகு. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே குழம்பிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது. அந்தக் கடையின் தகரக் கூரையில்" வேண்டாம். மழையும் இல்லை, தகரமும் இல்லை.

இரண்டாவது: "நினைவு என்பதே ஓர் அச்சு இயந்திரம்" ஐயோ. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் பழைய போட்டோவோடு வந்து, "இதை நல்லா பெருசா போட்டுக் கொடும்மா" என்றார். இது பரவாயில்லை, இதிலேயே போவோம்.

போட்டோவில் இருந்தது அவரேதான். இளம் வயது. பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்கி எழுந்து, வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறார். எடுத்தவர் அவர் மனைவி.

"எதுக்குப்பா இவ்வளவு பெருசு?" என்றார் அக்கா.

"வீட்டுல அவளுக்கு மறதிம்மா. என்னை அடையாளம் தெரியல. தண்ணி கொடுத்தா வாங்கிக்குறா. அப்புறம், 'எங்க வீட்டுக்காரர் வெளிய போயிருக்காரு, அவர் வந்ததும் வாங்க'ன்னு மரியாதையா அனுப்பி வைக்கிறா. நானும் வெளிய போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன். கட்டிலுக்கு எதிர்ல இதை மாட்டிட்டா, இதையும் பார்த்து என்னையும் பார்த்து, ஒருவேளை..."

[இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நான் அல்ல, அவர்.]

3

கொஞ்சம் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்க்ஜெட்டுக்குள் ஹெட் என்று ஒன்று இங்கும் அங்கும் ஓடும். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியாக மை தூறும். ஒரு துளை காய்ந்து அடைத்துக்கொண்டால் வெள்ளைக் கோடு. தாள் சரியாக நகராவிட்டால் கறுப்புக் கோடு. எங்கும் ஒரே சீராக மை விழ வேண்டும். அக்கா நாள் முழுக்க மல்லுக்கட்டுவது இதற்காகத்தான்.

டிரைவரின் முதல் பிரிண்டில் வானம் முழுக்கக் கோடு. அக்கா ஹெட்டைக் கழுவினார், தாள் நகர்வைத் திருத்தினார். இரண்டாவது பிரிண்டில் வானம் மழமழவென்று வந்தது. ஆனால் கன்னத்தில் கோடு அப்படியே இருந்தது. மறுபடி கழுவினார். கல்லாவில் இருந்த அவர் கணவர் (அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு மாமா ஆகிவிட்டவர்) தலையில் கை வைத்தார்.

"இங்க்கை மெஷின் குடிக்குதா, நீ குடிக்கிறியா?"

"உங்க பேச்சைக் கேட்டாலே அதுக்கும் அடைச்சுக்குது."

கடைசியில், ஸ்கேன் பண்ணும்போதே விழுந்த கோடாக இருக்கும் என்று அக்கா கம்ப்யூட்டரில் அந்தக் கன்னத்தைத் தடவித் தடவி வழுவழுப்பாக்கி அச்செடுத்தார். குறை சொல்ல முடியாத பிரிண்ட்.

4

[எனக்கே சந்தேகம். இத்தனை வருஷம் தொழில் செய்பவர் இப்படி ஏமாறுவாரா? படத்தைத் திருப்பி வைத்து அடித்துப் பார்த்திருந்தால் போதுமே. மெஷின் போட்ட கோடு என்றால் திசை மாறாது, படத்தில் உள்ளது என்றால் படத்தோடு சேர்ந்து திரும்பும். அவருக்கும் தெரியும். ஆனால் தாளை மிச்சம் பிடிக்கப் படத்தைப் படுக்க வைத்திருந்தார். கன்னத்துக் கோடுகள் ஹெட் ஓடும் போக்கிலேயே விழுந்துவிட்டன. காலையிலிருந்து கோட்டோடு மாரடித்தவருக்கு எல்லாமே மெஷின் கோடாகத்தான் தெரியும். நானும் கதையைத் திருத்துகிறேன் பேர்வழி என்று உயிருள்ள வரியைத் தேய்த்து எடுத்துவிடுவேன். அக்காவை நம்புகிறேன்.]

5

வீட்டுக்குப் போய்விட்டு வந்த டிரைவர் பிரிண்டை வெகு நேரம் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா யாரோ மாதிரி இருக்கேன்."

"என்னப்பா குறை?"

"கன்னத்துல கோடு இருந்துச்சே. பஸ் சீட்டு அழுந்துன கோடு. சாப்பாடு கொண்டு வந்து எழுப்புவா. 'கன்னத்துல ரோடு போட்டுட்டு வந்துட்டீங்களா'ன்னு விரலால தடவுவா. அன்னைக்கும் அப்படித்தான் தடவிட்டு படம் எடுத்தா."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

"உட்காருங்கப்பா. மறுபடி போடறேன்" என்றார் அக்கா. பிறகு மாமாவிடம் மெதுவாக, "இப்பதான் ஒழுங்கா போடணும். வானத்துல ஒரு லைன் விழுந்தாலும், இவர் கன்னத்துல இருக்குறதையும் மெஷின் கோளாறுன்னு நினைச்சுடுவாங்க" என்றார்.

படத்தை நிமிர்த்தி வைத்தார். ஹெட் ஒரு பக்கமாக மட்டும், நிதானமாக அடிக்கும்படி மாற்றினார். மாமா தானாகவே புது இங்க் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். மெஷின் ஊர்ந்தது. டிரைவர், பக்கத்தில் அடுக்கியிருந்த நெளிநெளியான பேக்கிங் அட்டைமேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

6

பிரிண்ட் வந்தது. வானம் ஒரே சீர், சட்டை ஒரே சீர். கன்னத்தில் மட்டும் கோடு.

அக்கா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரை எழுப்பினார். அவர் நிமிர்ந்தார். நாங்கள் மூவரும் படத்தைப் பார்த்தோம், அவரைப் பார்த்தோம். நரைத்த தாடிக்கு மேலே, கன்னத்தில், அட்டை போட்ட கோடுகள்.

அவர் கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார்.

"தேய்க்காதீங்கப்பா!" அக்கா கத்தியே விட்டார். படத்தை அவருடைய இரண்டு கையிலும் கொடுத்தார். "மை காயல, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குங்க. அப்படியே வீட்டுக்குப் போங்க. மறையறதுக்குள்ள போங்க."

முடிவு ஒன்று: அந்த அம்மாள் விரலை நீட்டுகிறார். எழுதிப் பார்த்தேன், எனக்கே அழுகை வந்தது. நடந்துவிடாதா என்ற ஆசையில் எழுதியது அது.

முடிவு இரண்டு: "அவர் வந்ததும் வாங்க" இதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

மூன்றாவதை யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. தூங்கி எழுந்த கோடு எவ்வளவு நேரம் நிற்கும்? நான் பேசப் பேச அது மறைந்துகொண்டிருக்கிறது. அவர் தெரு திரும்பிவிட்டார், இரண்டு கையிலும் படம். கதவைத் தட்டக்கூட அவருக்குக் கை இல்லை.

நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்? கொஞ்சம் தட்டுங்களேன்.